பட்டியலில் இல்லாத கட்டளை

ஓசூர்
11 பிப்ரவரி 1996

திரு. முனிராஜ் அவர்களுக்கு,

உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். பிரித்ததற்கு நன்றி. ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் நான்கு வருடம் பேசாமல் இருந்தோம். அதன் பிறகு நீங்கள் வேலையை விட்டு ஊருக்குப் போனீர்கள். இப்போது எழுதுவது ஒரு உதவி கேட்பதற்காகத்தான். வேறு நோக்கம் இல்லை.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். நாம் வேலை செய்த பழைய 8085 பிராசசரைப் போல அதை நடிக்கவைக்கும் புரோகிராம் ஒன்றை ஒன்றரை வருடமாக எழுதிவருகிறேன். இதற்கு எமுலேட்டர் என்று பெயர். அந்தச் சிப்புக்கு எழுதிய எதையும் சிப் இல்லாமலே இதில் ஓட்டலாம். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் பயன்படாது. கம்பெனியில் இன்று அந்தச் சிப்பின் பெயரைச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். அம்மா இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். வேலை முடிந்து வந்தால் வீட்டைவிட்டு நகர முடியாது. டெலிவிஷன் எனக்குப் பிடிக்காது. காரணம் அவ்வளவுதான்.

நான் எழுதியது சரியா என்று பார்க்க உண்மையான சிப் ஒன்று வேண்டும். நம் லேபை மூடியபோது அந்தச் சிப் பொருத்திய பயிற்சி போர்டை நீங்கள் ஏலத்தில் எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். சில வாரங்களுக்குத் தர முடியுமா? முடியாது என்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

தாஹிரா

~

வேப்பனப்பள்ளி
20 பிப்ரவரி 1996

மேடம் அவர்களுக்கு,

இது என் கையெழுத்து இல்லை. பொங்கல் கழிந்த வாரம் மோட்டார் கொட்டகை சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பும் வலது மணிக்கட்டும் உடைந்தன. கட்டிலில் கிடக்கிறேன். நான் சொல்ல, சரோஜா எழுதுகிறாள். (வணக்கம் மேடம், நான் சரோஜம்மாள். சொல்றத மட்டும் எழுதுன்னு சொல்றாரு. ஆனா பேனா எங்கிட்டதான இருக்குது.)

போர்டைத் தர முடியாது. கோபத்தால் சொல்லவில்லை. அது என் மோட்டாருக்குக் காவல் இருந்த போர்டு.

இங்கே மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தவுடன் போர்வெல் மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் நிலையாக இருக்காது. கடையில் விற்கும் தானியங்கி ஸ்டார்ட்டர் போட்டுப் பார்த்தேன். முதல் வாரத்திலேயே காயில் எரிந்தது. அதனால் போர்டில் ஒரு புரோகிராம் எழுதி மாட்டினேன். மூன்று முனையும் வந்திருக்கிறதா என்று பார்க்கும். ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு கழித்துக்கொண்டே வரும். அது பூஜ்யம் ஆகும்வரை மின்சாரம் தடுமாறாமல் இருந்தால்தான் மோட்டாரைக் கிளப்பும். மூன்று வருடம் ஒழுங்காக வேலை செய்தது. ஐப்பசியில் இடி விழுந்ததிலிருந்து வேலை செய்யவில்லை. மும்முனை வந்தால் விளக்கு எரிகிறது. அப்படியே காத்திருக்கிறது. மோட்டார் எழுவதே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நானே நடந்துபோய் போட்டேன். அப்படிப் போனபோதுதான் விழுந்தேன்.

மூன்று ஏக்கரில் மாங்கன்று, எல்லாம் ஒட்டுக்கன்று. இந்தக் கோடையைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். என் மகன் திம்மராயன் ஓசூரில் வண்டிக் கம்பெனியில் இருக்கிறான். "அடியில கல்லு இருக்குதுப்பா, அதுக்குத்தான் வெல. மாமரத்துக்கு எவன் குடுப்பான்?" என்கிறான். சித்திரை பிறந்ததும் கிரானைட் குவாரி ஆளைக் கூட்டிவரப் போகிறான். கன்று பட்டுப்போனால் எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. நிலத்தைக் கொடுத்துவிட்டு அவனுடைய ஒற்றை அறை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். (லைட்டு வந்ததும் நான்தான் மேடம் ஓடுறேன். ரெண்டு வெள்ளாமக் காடு தாண்டிப் போவணும். முட்டி கேக்கல. பாதி நாளு போய்ச் சேர்றதுக்குள்ள கரண்ட்டு பூடுது.)

உங்கள் எமுலேட்டரால் எனக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்கமாட்டேன்.

முனிராஜ்

~

ஓசூர்
26 பிப்ரவரி 1996

திரு. முனிராஜ் அவர்களுக்கு,

விழுந்த செய்தி தெரியாது. வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் புரோகிராமை எண்களாக எழுதி அனுப்பினால் என் எமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பேன். இடியால் புரோகிராமே கெட்டிருந்தால் தெரிந்துவிடும். என் எமுலேட்டரில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். போன மாதம்கூட அது ஒன்பதையும் ஒன்றையும் கூட்டத் தெரியாமல் நின்றது.

நேரில் வந்து பார்ப்பதுதான் சுலபம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் குல்ஷன் காலையில் வந்து, நான் கம்பெனியிலிருந்து திரும்பியதும் போய்விடுகிறாள். அவளும் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ஆகவே தபால்தான்.

தாஹிரா

~

வேப்பனப்பள்ளி
8 மார்ச் 1996

மேடம் அவர்களுக்கு,

இத்துடன் நான்கு தாள்கள். போர்டைக் கழற்றிக்கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தோம். எனக்குத் திரும்ப முடியாது, முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சரோஜா ஒவ்வொரு இடமாகப் பட்டனை அழுத்தி, எண்ணைச் சத்தமாகப் படித்து, எழுதிக்கொண்டாள். எண் என்றால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். "சுன்னா எனிமிதி" என்பாள். பூஜ்யம் எட்டு என்று நான் மனதுக்குள் வைத்துக்கொள்வேன். (நடுவுல ஏ, பி, சின்னு இங்கிலீசு எழுத்தும் வருது. எண்ணுல எழுத்து எப்பிடி வரும்னு கேட்டா சிரிக்கிறாரு. ரெண்டு மாசம் கழிச்சு சிரிச்சாரு மேடம், போவட்டும்னு உட்டுட்டேன்.)

தெற்குப் பக்க வரிசையில் இலை சுருள ஆரம்பித்துவிட்டது.

முனிராஜ்

~

ஓசூர்
17 மார்ச் 1996

திரு. முனிராஜ் அவர்களுக்கு,

உங்கள் புரோகிராமை ஏற்றி ஓட்டினேன். போர்டு செய்வதையே எமுலேட்டரும் செய்கிறது. மூன்று முனையும் வந்துவிட்டதாக நான் பொய் சொன்னால் நம்புகிறது, காத்திருக்கத் தொடங்குகிறது, நிறுத்துவதே இல்லை. நேற்று அதை ஓடவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, துணி துவைத்துவிட்டு வந்தேன். அதே இடத்தில் நின்றது.

காரணம் தெரிந்துவிட்டது. எண்ணைக் கழிக்க வேண்டிய இடத்தில் கழிக்கும் கட்டளை இல்லை. அங்கே 08 என்று இருக்கிறது. சிப்பின் கையேட்டில் உள்ள கட்டளைப் பட்டியலில் அந்த இடம் காலி. பட்டியலில் இல்லாத எண் வந்தால் ஒன்றும் செய்யாமல் தாண்டிப்போகும்படிதான் எமுலேட்டரை எழுதியிருக்கிறேன். அதனால் எண் குறைவதே இல்லை.

போர்டில் எண்ணைக் காட்டும் விளக்கு எழுத்தில் எட்டும் ஆறும் B-யும் ஒரே மாதிரி தெரியும். சரோஜம்மாளின் கண்ணைக் குறை சொல்லவில்லை. 06 ஆகவும் 0B ஆகவும் மாற்றிப் பார்த்தேன், பொருந்தவில்லை. மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

தாஹிரா

~

வேப்பனப்பள்ளி
23 மார்ச் 1996

மேடம்,

அது எட்டுதான். திரும்பப் பார்க்கத் தேவையில்லை. உங்களுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்துகொண்டே கேட்கிறீர்களா, மறந்தே போய்விட்டதா?

பட்டியலில் காலியாக விட்டிருந்த இடங்களை ஷிப்ட் முடிந்த பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்து, என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தவன் நான். 08 கொடுத்தால் ஒரே அடியில் பெரிய எண்ணைக் கழித்துவிடும். கையேடு எழுதியவன் சொல்லவில்லை, சிப் செய்தது. அதை வைத்துத்தான் கம்பெனி உலையின் கண்ட்ரோல் புரோகிராமை எழுதினேன். எண்பத்தேழில் அப்பா காரியத்துக்கு ஊருக்கு வந்து திரும்பிப் போனால், என் வரிகள் ஒன்றுகூட இல்லை. உங்கள் வரிகள் இருந்தன. "அந்தம்மா சொல்லாமலா மாத்தினாங்க?" என்று கேண்டீனில் கேட்டார்கள்.

அந்த எட்டு மூன்று வருடம் என் மோட்டாரை ஓட்டியிருக்கிறது. இடியில் செத்த சிப்பை எடுத்துவிட்டு, திம்மராயன் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த புதுச் சிப்பைத்தான் போட்டிருக்கிறேன். அதே நம்பர். கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. உங்கள் எமுலேட்டருக்கு உங்களைப் போலவே பட்டியலைத் தாண்டி ஒன்றும் தெரியாது என்றால், அதை வைத்து என் மோட்டாரைப் பார்க்க வேண்டாம்.

(மேடம், ரொம்பக் கத்தினாரு, நான் பாதிதான் எழுதினேன். மனசுல வெச்சிக்காதீங்க. நேத்து ஒரு வரிசை மொத்தமா காஞ்சிருச்சு. நகத்தால கீறிப் பாத்தேன், பச்சை இல்ல. அவருகிட்ட இன்னும் சொல்லல. இத எழுதறேன்னும் தெரியாது.)

முனிராஜ்

~

ஓசூர்
28 மார்ச் 1996

முனிராஜ்,

உங்கள் கடிதத்தைக் கோபத்தோடுதான் படித்தேன். இரண்டாவது முறை படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். சிப்பை மாற்றியிருக்கிறீர்கள்.

என் எமுலேட்டர் எட்டைத் தாண்டிப்போவதால் எண் குறையவில்லை. உங்கள் போர்டிலும் எண் குறையவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே கோளாறு என்றால் காரணமும் ஒன்றாக இருக்கலாம். நம்பர் ஒன்றாக இருந்தாலும் அந்தச் சிப்பைப் பல கம்பெனிகள் செய்தன. பட்டியலில் உள்ளதை எல்லோரும் செய்துதான் ஆக வேண்டும். பட்டியலில் இல்லாததை யாரும் செய்ய வேண்டியதில்லை. புதுச் சிப்பின் முதுகில் என்ன பெயர் இருக்கிறது என்று சரோஜம்மாளைப் பார்க்கச் சொல்லுங்கள். பழையதைத் தூக்கி எறியாமல் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பெயர் ஒன்றே என்றால் நான் சொல்வது தவறு.

வேறு என்றால் வழி இரண்டு. பழைய கம்பெனியின் சிப்பைத் தேடிப் பிடிக்கலாம். எங்கள் ஸ்டோரில் இல்லை, கேட்டுவிட்டேன். எங்காவது கிடைத்தாலும் அடுத்த இடிக்கு அதுவும் போகும். மற்றொரு வழி, அந்த எட்டை எடுத்துவிட்டு, பட்டியலில் உள்ள ஆறு சிறிய கட்டளைகளால் அதே கழித்தலைச் செய்வது. எந்தக் கடையில் எந்தச் சிப் வாங்கிப் போட்டாலும் ஓடும். எழுதிப் பார்த்துவிட்டேன். எமுலேட்டரில் எண் இறங்குகிறது. புரோகிராமைத் தாங்கும் மெமரி சிப் ஒன்றில் புதிதாகப் பதித்து அனுப்பிவிடுவேன், உங்களுடையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் போதும்.

அனுப்பும் முன் உங்கள் அனுமதி வேண்டும். எடுக்கப்போவது உங்கள் வரி.

எண்பத்தேழில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பீர்கள். நான்கு உலைகள், ஒவ்வொன்றிலும் எந்தச் சிப் வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்றும் அதையேதான் செய்வேன். நீங்களும் இன்று மறுக்கலாம். ஆனால் சீக்கிரம் மறுங்கள். சித்திரைக்கு அதிக நாள் இல்லை.

தாஹிரா

~

தந்தி
வேப்பனப்பள்ளி, 2 ஏப்ரல் 1996

பெயர் வேறு. எடுக்கவும். முனிராஜ்.

~

ஓசூர்
4 ஏப்ரல் 1996

முனிராஜ்,

மெமரி சிப் இத்துடன் பதிவுப் பார்சலில் வருகிறது. இனி எழுதுவது சரோஜம்மாளுக்கு.

சரோஜாம்மா, பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாளில் சுற்றியிருப்பதுதான் அது. மாட்டும்வரை பிரிக்க வேண்டாம். போர்டுக்கு வரும் கரண்ட்டை நிறுத்திவிட்டு, ஸ்டூலின் இரும்புக் காலை ஒருமுறை தொட்டுவிட்டு எடுங்கள். சிப்பின் ஒரு முனையில் பிறைபோல ஒரு வெட்டு இருக்கும். பழையதைக் கழற்றும் முன் அதன் வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதியதற்கும் அதே பக்கம். திருப்பி மாட்டினால் சிப் செத்துவிடும், என்னிடம் வேறு இல்லை. கால்கள் துளையில் உட்கார்ந்த பிறகு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள். பயப்பட வேண்டாம், ஆனால் அவசரமும் வேண்டாம். அவர் கட்டிலில் இருந்து சத்தம் போட்டால் காதில் வாங்காதீர்கள்.

தாஹிரா

~

வேப்பனப்பள்ளி
19 ஏப்ரல் 1996

தாஹிரா மேடம்,

பார்சல் பத்து நாள் கழித்து, சித்திரை பிறந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தது. கிருஷ்ணகிரியில் எங்கோ கிடந்திருக்கிறது. அன்று மதியம்தான் திம்மராயன் குவாரி ஆளோடு ஜீப்பில் வந்தான்.

சரோஜா சிப்பை மாட்டி, போர்டைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்திவிட்டுத் திரும்பிவிட்டாள். கரண்ட் இல்லை. குவாரி ஆள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்தார். கன்னடக்காரர், மரியாதையான மனுஷன்தான். "தோட்டம் நோடிதே சாமி, எல்லாம் ஒணகிடிச்சி. நீங்களும் எத்தினி நாளு பாடுபடுவீங்க?" என்றார், தோட்டம் காய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர். சரிதான் என்று எனக்கும் தோன்றியது. மேடம், உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் தலையை ஆட்டிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

அப்போது வீட்டில் விளக்கு எரிந்தது. திம்மராயன், "இப்ப அம்மா ஓடணும், பாத்தியாப்பா?" என்றான். சரோஜா ஓடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். (நான் ஓடினா மோட்டாரு தானா எடுக்காதுன்னு ஆயிடும் மேடம், அதான் உட்கார்ந்தேன்.) எவ்வளவு நேரம் என்று தெரியாது. குவாரி ஆள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுப் பக்கம் வரும் குழாயில் காற்று இருமும் சத்தம் கேட்டது, தண்ணீர் விழுந்தது.

திம்மராயன் வெளியே போனான். மடை அடைத்துக்கொண்டு தண்ணீர் வீணாகத் தெருப் பக்கம் போயிருக்கிறது. அவன் கம்பெனி பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, மண்வெட்டி எடுத்து, தெற்கு வரிசைக்குத் திருப்பிவிட்டதாகச் சரோஜா சொன்னாள். அந்த வரிசையில் எல்லாம் செத்த கன்று. அது அவனுக்குத் தெரியாது. (அவருக்கும் அன்னிக்குத்தான் மேடம் சொன்னேன்.)

மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மற்றது நிற்கிறது. குவாரி ஆளிடம் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் வருகிறேன் என்றார். வருவார்.

உங்கள் கடிதங்களை எல்லாம் சரோஜாவைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். "அப்போதே சொன்னேன் அல்லவா" என்ற வரியைத் தேடினேன். இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

எட்டை என் போர்டிலிருந்து எடுத்தாயிற்று. அது இனி எங்கேயும் இல்லை.

முனிராஜ்

~

ஓசூர்
5 மே 1996

முனிராஜ்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அம்மாவுக்கு முதுகில் புண். குல்ஷன் ஊருக்குப் போய்விட்டாள், வேறு ஆள் கிடைக்கவில்லை. பத்து நாள் லீவு போட்டேன். அம்மா சில நாள் என்னை யாரென்று கேட்கிறார். சொன்னால், "தாஹிராவா, அவள் படித்துக்கொண்டல்லவா இருக்கிறாள்" என்கிறார். நானும் ஆமாம் என்றுவிடுகிறேன்.

அந்த வரியை எழுதினேன். சிப்பின் பெயரைக் கேட்ட கடிதத்தில் இருந்தது. பிரதி எடுக்கும்போது விட்டுவிட்டேன். பெரிய மனது என்று நினைக்க வேண்டாம். கோபப்பட்டால் மெமரி சிப்பை மாட்டமாட்டீர்கள் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

குவாரி ஆள் வருவார் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு போர்டு எத்தனை கோடைக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. சும்மா ஆறுதலுக்கு எதையும் சொல்ல எனக்கு வராது.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். எட்டு எங்கேயும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். லீவில் அம்மா கண்ணயரும் மதிய நேரங்களில் எமுலேட்டரைத் திருத்தினேன். இப்போது அது தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்கும். "முனிராஜ் உண்டா, இல்லையா?" இல்லை என்று அழுத்தினால் கையேட்டில் உள்ளதை மட்டும் செய்யும். உண்டு என்றால் எட்டையும் செய்யும். காலியாக விட்டிருந்த இடங்களில் நீங்கள் கண்டுபிடித்த மற்றவை என்னென்ன என்று எனக்கு நினைவில்லை. கை சரியானதும் எழுதி அனுப்புங்கள். சேர்த்துவிடுகிறேன். அவசரமில்லை. இதை யாரும் கேட்டு நிற்கவில்லை.

நேற்று உங்கள் பழைய நான்கு தாள்களில் இருந்த புரோகிராமை, எதையும் மாற்றாமல், இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன். இல்லை என்று அழுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. உண்டு என்று அழுத்தினேன். எண் இறங்கத் தொடங்கியது. வேகமாக ஓட்டிவிடலாம், ஆனால் உங்கள் கொட்டகையில் ஆகும் நேரத்தையே வைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அம்மா விழித்து, "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டார். மின்சாரம் நிலையாகட்டும் என்று காத்திருப்பதாகச் சொன்னேன். "சரி" என்றார்.

பூஜ்யம் ஆனதும் திரையில் மோட்டார் ஓடுகிறது என்று வந்தது. இங்கே தண்ணீர் எதுவும் இல்லை. ஆனாலும் உடனே நிறுத்த மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.

தாஹிரா